இரண்டு ஆய்வேடுகளும் ஒரே இளஞ்சிவப்பும்: உயிர்வேதியியல் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கலை அறிவியல் கல்லூரிகளில் உயிர்வேதியியல் நடத்திவருகிறேன். உங்களில் சிலரோடு விடைத்தாள் திருத்தும் அறையில் ஒரே மேசையில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். நம் மாணவர்களின் ஆய்வேடுகளில் 'குறிகாட்டி' (உடம்பிலோ செடியிலோ நடப்பதைக் காட்டிக்கொடுக்கும் அளவு, 'மார்க்கர்' என்போம்) படும் பாடு பற்றித்தான் இந்த மடல். தனியாக எழுதினால் கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கடந்த ஏப்ரலில் ஒரு கல்லூரிக்கு முதுகலை வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, எக்ஸ்டர்னலாக (வெளித் தேர்வாளராக) போயிருந்தேன். முதலில் வந்த மாணவியின் ஆய்வேடு, ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளின் இரத்தத்தில் மாலோன்டைஆல்டிஹைடு (கொழுப்பு சிதைவதில் உண்டாகும் ஒரு பொருள்) எவ்வளவு என்பது. அடுத்து வந்த பையனுடையது, உப்புநீர் ஊற்றி வளர்த்த உளுந்தின் இலையில் மாலோன்டைஆல்டிஹைடு எவ்வளவு என்பது. இரண்டு ஏட்டிலும் ஒரே படம்: பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தூண்கள், ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, நெட்டையின் தலையில், வேறுபாடு தற்செயல் அல்ல என்று காட்டும் ஒரு நட்சத்திரம். முடிவுரையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆக்சிஜனேற்ற அழுத்தம் (துடிப்பான ஆக்சிஜன் பொருள்கள் செல்லைத் தாக்குவது) கூடியிருக்கிறது, எனவே இது நல்லதொரு குறிகாட்டி.

"சரிம்மா, இந்த எண்ணைப் பார்த்துவிட்டு டாக்டர் அந்தக் குழந்தைக்கு என்ன மாற்றிச் செய்வார்?" என்று கேட்டேன். பதில் இல்லை. "தம்பி, உன் எண்ணைப் பார்த்து உளுந்து போட்டவர் என்ன செய்வார்?" அங்கேயும் மௌனம். வழிகாட்டி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நம் பாடத்திட்டத்தில் 'மார்க்கர்' என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு மார்க்கர் எப்போது உதவும், எப்போது ஏமாற்றும் என்று ஒரு வரிகூடக் கிடையாது.

அந்த இளஞ்சிவப்பிலிருந்தே தொடங்குகிறேன். செல்லின் சவ்வில் இருக்கும் கொழுப்பு சிதையும்போது மாலோன்டைஆல்டிஹைடு உண்டாகிறது. அதன் ஒரு மூலக்கூறு தயோபார்பிட்யூரிக் அமிலத்தின் இரண்டு மூலக்கூறுகளைப் பிடித்துக்கொண்டால் இளஞ்சிவப்பு. அமிலத்தில், 95 டிகிரியில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, 532 நானோமீட்டரில் ரீடிங். உணவுக்காரர்கள் எண்ணெயும் இறைச்சியும் காறிப்போனதைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் சோதனைதான் இது. டப்பாவில் மறந்துபோன முறுக்கின் காறல் வாடையை எண்ணாக்கித் தருவது. 1968-ல் ஹீத், பேக்கர் இருவரும் பசுங்கணிகத்தில் இதைச் செய்து காட்டியபின் தாவரக்காரர்கள் கையில் எடுத்தார்கள். மலிவு, வேகம், நிறத்தின் அடர்த்தியை அளக்கும் ஸ்பெக்ட்ரோ ஒன்று இருந்தால் போதும். அதனால்தான் எல்லாத் துறையிலும் வேரூன்றிவிட்டது. எனக்கும் அதன்மேல் பகையில்லை. என் முதல் ஆய்வுக் கட்டுரையே அதில்தான் வந்தது. இன்று எடுத்துப் படித்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

தயோபார்பிட்யூரிக் அமிலம் ஆள் பார்த்துப் பழகும் பொருள் அல்ல. சர்க்கரையோடும் வினைபுரியும், வேறு ஆல்டிஹைடுகளோடும் வினைபுரியும். சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஆய்வு செய்த ஒரு மாணவி, கல்லூரிக்கு எதிரே சாலை நடுவில் அழகுக்காக வைத்திருந்த ஊதா இலைச் செடியை எடுத்துக்கொண்டாள். வாகனப் புகைதான் தலைப்பு. மாலோன்டைஆல்டிஹைடு பல மடங்கு என்று வந்தது. அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எனக்கும்தான், மறைப்பானேன். மறுநாள் தயோபார்பிட்யூரிக் அமிலமே ஊற்றாமல் ஒரு குழாயைக் கொதிக்கவைக்கச் சொன்னேன். அதுவும் இளஞ்சிவப்பாகவே இருந்தது! ஆந்தோசயனின். அமிலத்தில் போட்டால் அந்த நிறமி சிவக்கத்தான் செய்யும், அதற்குப் புகையும் தேவையில்லை, லாரியும் தேவையில்லை. இதைக் கழித்துப் பார்க்கும் முறையை ஹாட்ஜஸ் குழுவினர் 1999-லேயே எழுதிவிட்டார்கள். நம் செய்முறைக் கையேட்டில் இன்றுவரை அந்தக் கூடுதல் குழாய் இல்லை. ஒரே ஒரு குழாய்!

குழந்தைகள் பக்கம் போனால் சங்கடம் இன்னும் கூடுதல். சின்னக் கை, மெல்லிய நரம்பு, குழந்தை உதறி அழுகிறது, ஊசியைத் திருப்பித் திருப்பி இழுத்து எடுத்த இரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்துவிடுகின்றன. உடைந்தால் ஹீமும் இரும்பும் வெளியே வரும். கொதிக்கும் குழாய்க்குள்ளேயே அந்த இரும்பு கொழுப்பைச் சிதைத்துப் புதிதாக மாலோன்டைஆல்டிஹைடு செய்து தரும். நோயுற்ற குழந்தைதான் மெலிந்தது, நரம்பு கிடைக்காதது, அதிகம் அழுவது. ஒப்பீட்டுக்கு வந்த குழந்தையோ கொழுகொழுவென்று, ஒரே குத்தில் இரத்தம் தந்துவிட்டுப் போனது. அப்போது நெட்டைத் தூண் எதை அளக்கிறது, நோயையா, ஊசிக்காரரின் சிரமத்தையா? அப்புறம் அந்த மாதிரிகள் மைனஸ் 20 பெட்டியில் இரண்டு மாதம் கிடக்கும். நடுவே எத்தனை முறை கரண்ட் போனது என்று எந்த ஆய்வேட்டிலும் எழுதியிருக்காது. எங்கள் கல்லூரி உறைபெட்டியைப் பற்றி நானே வாய்திறப்பதில்லை.

சரி, இவையெல்லாம் கைப்பிழைகள், திருத்திவிடலாம். அளவு கச்சிதமாகவே இருந்தாலும் குறிகாட்டி நம்மை ஏமாற்றலாம் என்பதற்கு இரண்டு கதைகள் உண்டு. ஒன்று பார்லி வயலில், மற்றது மலாவியில். இரண்டையும் ஒரே வகுப்பில், அடுத்தடுத்துச் சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை.

பார்லிக் கதை புரோலின் பற்றியது. வாடும் புல்லில் இந்த அமினோ அமிலம் சேர்கிறது என்பதை 1954-ல் கெம்பிள், மெக்ஃபெர்சன் இருவரும் கண்டார்கள். 1970களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் பார்லி ரகங்களைப் பார்த்தவர்கள், புரோலின் அதிகம் சேர்க்கும் ரகமே வறட்சி தாங்கும் ரகம் என்று சொன்னார்கள். 1973-ல் புரோலினை அளக்க பேட்ஸின் அமில நின்ஹைட்ரின் முறை வந்தது. சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தில் அரைத்து, டொலுவீனில் பிரித்து, 520-ல் ரீடிங். உங்களுக்கும் எனக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வரும். கூட்டிக் கழித்தால் அருமையான கருவி: இலையை அரைத்தால் போதும், எந்த ரகம் காயாது என்று தெரிந்துவிடும். 1977-ல் ஹான்சனும் உடன் வேலை செய்தவர்களும் குணத்தில் நேரெதிரான இரண்டு பார்லி ரகங்களை வைத்து மறுபடி சோதித்தார்கள். இலை எவ்வளவு கடுமையாக வாடுகிறதோ அவ்வளவு புரோலின் சேர்கிறது என்றுதான் தெரிந்தது. தாக்குப்பிடிக்கும் திறனைவிட, பட்ட அடியைத்தான் அது காட்டியது. ரகம் தேர்வதற்கு அதை நம்பிப் பயனில்லை என்று முடித்தார்கள். புரோலின் செடிக்கு உதவுகிறதா இல்லையா என்ற விவாதம் அதோடு நின்றுவிடவில்லை, நிற்கவும் வேண்டாம். ஆனால் நம் மாணவர்கள் இன்னமும் "புரோலின் கூடியது, ஆகவே இந்தச் செடி உப்பைத் தாங்கும்" என்று எழுதுகிறார்கள். ஒருவனுக்குக் காய்ச்சல் 104 என்பதால் அவன் உடம்பு வலுவானது என்று சொல்வதுபோல இருக்கிறது.

மலாவிக் கதை கொஞ்சம் கனமானது. குவாஷியார்கர் என்ற நோயை மருத்துவ உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் சிசிலி வில்லியம்ஸ். 1930களில், இன்றைய கானாவில் வேலை பார்த்தவர். கால் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறிய பிள்ளைகள். புரதம் போதாததுதான் காரணம் என்று நீண்டநாள் சொல்லப்பட்டது. 1980களில் மைக்கேல் கோல்டன் வேறொன்றை முன்வைத்தார். இந்தப் பிள்ளைகளின் இரத்தத்தில் குளூட்டதயோன் குறைவாக இருக்கிறது, ஆக்சிஜனேற்றத் தாக்குதலைத் தடுக்கும் பொருள்கள் வற்றியிருக்கின்றன, அந்தத் தாக்குதலே நோய்க்கு வழி என்றார். அளவுகள் உண்மை. நோயின் தோற்றத்தோடும் பொருந்தி வந்தன. என் வகுப்பில் இதைப் பல ஆண்டுகள் முடிந்த முடிவாகவே நடத்தினேன். பிறகு மலாவியில் 1 முதல் 4 வயதுவரையான 2,372 குழந்தைகளைக் கொண்டு நேரடியாகவே சோதித்தார்கள். ஒரு பாதிக்கு ரைபோஃப்ளேவின், வைட்டமின் ஈ, செலினியம், என்-அசிட்டைல்சிஸ்டீன் கலந்த பொடி, மறுபாதிக்குப் போலிப் பொடி. 2005-ல் முடிவு வந்தது. பொடி குவாஷியார்கரைத் தடுக்கவில்லை. நோயோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒரு பொருள் நோயின் காரணமாக இருக்கவேண்டும் என்பதில்லை, அதைச் சரிக்கட்டினால் நோய் வராது என்பதுமில்லை.

இவ்வளவு சொன்னதால் குறிகாட்டியே வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு துளி இரத்தம் ஒரு வாழ்க்கையைத் திருப்பிப்போட்ட கதையும் நம் துறையில்தான் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் அது ஒரு பெட்டிச் செய்தியாகச் சுருங்கிக் கிடக்கிறது.

1934-ல் நார்வேயில் ஒரு தாய், மனவளர்ச்சி குன்றிய தன் இரண்டு பிள்ளைகளுக்கு ஏன் இப்படி ஆனது என்று கேட்டு, அஸ்பியர்ன் ஃபோலிங் என்ற மருத்துவரிடம் வந்தார். பிள்ளைகளிடம் ஒருவித வாடை அடிப்பதாகவும் சொன்னார். ஃபோலிங் வேதியியல் படித்தவர். சிறுநீரில் ஃபெரிக் குளோரைடை ஊற்றினார், பச்சை நிறம் வந்தது. துருவிப் போனதில் ஃபினைல்பைருவிக் அமிலம் என்று தெரிந்தது. ஃபினைல்அலனைன் என்ற அமினோ அமிலத்தை உடம்பால் மாற்ற முடியாமல் தேங்கி மூளையைக் கெடுக்கும் ஃபினைல்கீட்டோனூரியா அப்படித்தான் அகப்பட்டது. குறிகாட்டி கிடைத்துவிட்டது, செய்வதற்குத்தான் ஒன்றுமில்லை. ஃபினைல்அலனைனைக் குறைத்துத் தரும் உணவை ஹார்ஸ்ட் பிக்கெல் பர்மிங்காமில் கொடுத்துப் பார்த்தது 1950களின் தொடக்கத்தில். அதற்குள் ஏறக்குறைய இருபது ஆண்டுகள். உணவு வந்த பிறகும் சிக்கல் தீரவில்லை, சிறுநீர் பச்சையாகத் தெரிவதற்குள் மூளை பாதிக்கப்பட்டிருக்கும். அப்போதுதான் ராபர்ட் குத்ரி வருகிறார். அவருடைய உறவுக்குழந்தை ஒன்றுக்கே இந்த நோய் தாமதமாகத்தான் தெரிந்தது. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, வடிதாளில் இரத்தம் தோய்த்து, காயவைத்து, அதை பாக்டீரியா வளர்க்கும் தட்டில் வைத்தார். ஃபினைல்அலனைன் நிறைய இருந்தால் தாளைச் சுற்றி பாக்டீரியா வட்டமாக வளரும். 1963-ல் கட்டுரை வந்தது. அதே ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலம் அதைச் சட்டமாக்கியது.

அதே வடிதாள்தான் இன்று பிறவித் தைராய்டு குறைபாட்டுக்கும் உதவுகிறது. இந்தியாவில் ஆயிரத்துச் சொச்சம் பிறப்புக்கு ஒன்று என்ற கணக்கில் வரும் குறைபாடு, அரிது என்று ஒதுக்க முடியாது. பிறந்தபோது குழந்தை பார்க்க நன்றாகவே இருக்கும், பாட்டி கண்டுபிடிக்க முடியாது, மருத்துவரும் பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாது. இரத்தத்தில்தான் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ஏறியிருக்கும். இரண்டு வாரத்துக்குள் லெவோதைராக்சின் மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கலந்து கொடுக்கத் தொடங்கினால் அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப்போலப் பள்ளிக்கூடம் போகும். மாதக்கணக்கில் தள்ளிப்போனால் இழந்த அறிவுத்திறன் திரும்பாது. மாத்திரை விலை குறைந்ததுதான். கேரள அரசு மருத்துவமனைகளில் இந்தச் சோதனை பல ஆண்டுகளாக நடக்கிறது.

நம் மாணவர்கள் கவனிக்கவேண்டிய இடம் நேரம். பிறந்த அரை மணி நேரத்தில் எந்தக் குழந்தைக்கும் டிஎஸ்எச் எகிறும். கருப்பையின் கதகதப்பிலிருந்து குளிருக்கு வந்த உடம்பின் இயல்பு அது. பிறகு ஒன்றிரண்டு நாளில் இறங்கிவிடும். அதனால்தான் 48 மணி நேரம் கழித்துக் குதிகாலில் எடுக்கச் சொல்கிறார்கள், அல்லது பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தை எடுக்கிறார்கள். நடுவில் எடுத்தால் நல்ல குழந்தையும் நோயாளியாகத் தெரியும். அதே வடிதாளில் ஜி6பிடி என்ற, சிவப்பணுக்களைக் காக்கும் நொதியைப் பார்ப்பவர்களுக்கு வேறு தலைவலி: வெயிலிலும் ஈரத்திலும் தாள் பயணப்பட்டால் நொதி செத்துவிடும், குறைபாடு இல்லாத பிள்ளைக்கும் குறைபாடு என்று வரும். சித்திரை வெயிலில் கூரியர் வண்டியில் போகும் தாளை நினைத்துப் பாருங்கள். போகிறபோக்கில் ஒன்று: அந்தக் குறைபாடு உள்ள பிள்ளையின் துணிப்பெட்டியில் அந்துருண்டை போடக்கூடாது, அது சிவப்பணுக்களை உடைத்துவிடும். உயிர்வேதியியல் படித்த ஒருவர் வீட்டில் சொல்லவேண்டிய செய்தி அது. நம் பட்டதாரிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொரு கணக்கும் உண்டு. ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு வரும் நோய் என்று வைத்துக்கொள்வோம். நோயுள்ள நூறு பேரில் 99 பேரைப் பிடிக்கும், நோயில்லாத நூறு பேரில் 99 பேரைச் சரியாக விட்டுவிடும் ஒரு சோதனை கிடைத்திருக்கிறது. ஒரு லட்சம் குழந்தைகளுக்குச் செய்தால் நோயுள்ள 100 பேரில் 99 பேர் கிடைப்பார்கள். நோயில்லாத 99,900 பேரில் 999 பேரும் சேர்ந்து மாட்டுவார்கள். ஆகமொத்தம் 'பாசிட்டிவ்' என்று வந்த பதினொரு பேரில் ஒருவருக்குத்தான் நோய். அந்தப் பத்து வீட்டுக்கும் யாராவது போன் செய்து பதற்றமில்லாமல் பேசி, இரண்டாவது சோதனைக்கு வரச்சொல்ல வேண்டும். இது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. நம் முதுகலைத் தாளில் இல்லை. 'பி' மதிப்பு (தற்செயலாகவே இவ்வளவு வேறுபாடு வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே வந்தால் குறிகாட்டி என்பதோடு முடித்துவிடுகிறோம்.

அங்கன்வாடியில் மேற்கைச் சுற்றளவு நாடா ஒன்று இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை. 6 மாதம் முதல் 5 வயதுவரையான பிள்ளைக்கு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு, உடனே சிகிச்சை. வைவாவில் நான் கண்ட மாலோன்டைஆல்டிஹைடு தூணைவிட அந்த நாடாவை நம்பலாம். வயலுக்குப் போனால் அதற்கு ஒரு சகோதரன்: நெல்லுக்கான இலை வண்ண அட்டை. காலை 8 முதல் 10 மணிக்குள், முழுதாக விரிந்த இளம் இலையை, வெயில் படாமல் உடம்பின் நிழலில் வைத்து ஒப்பிட வேண்டும். பத்துச் செடி பார்க்க வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு அளவு 3, மற்ற ரகங்களுக்கு 4. அதற்குக் கீழே இறங்கினால் தழைச்சத்து இடு. எந்த இலை, எத்தனை மணிக்கு, எத்தனைச் செடி, எந்த ரகம், பார்த்துவிட்டு என்ன செய்வது. பிளாஸ்டிக் அட்டை ஒன்றோடு விவசாயிக்குச் சொல்லித்தரும் இந்த ஐந்தும், நான் திருத்திய ஆய்வேடுகளில் ஒருசேர இருந்ததாக நினைவில்லை.

ஆகவே நான் கேட்பது பெரிய திருத்தம் அல்ல. ஆய்வேட்டில் 'நோக்கம்' என்ற தலைப்புக்கு முன்னால் ஒரு பக்கம் கட்டாயமாக்குங்கள்: இந்த எண் கூடினால் யார், எவ்வளவு நேரத்துக்குள், என்ன செய்வார்? "யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள், நோய் நடக்கும் வழி புரியவே அளக்கிறேன்" என்று எழுதினாலும் நேர்மையான பதில்தான், முழு மதிப்பெண் கொடுங்கள். 'குறிகாட்டி' என்று தலைப்பில் போடமட்டும் விடாதீர்கள். மாதிரி எடுத்த மணி, வைத்த இடம், கரண்ட் போன நாள் எல்லாம் பின்னிணைப்பில் வரட்டும். செய்முறையில் ஊதா இலைக்கான அந்த ஒரு குழாயைச் சேருங்கள். வடிதாளில் காய்ந்த இரத்தத்தை ஒருமுறையாவது அவர்கள் கையால் செய்யட்டும். கறிக்கடையில் ஆட்டு இரத்தம் கிடைக்கும், உறையாமல் சிட்ரேட் கலந்து வாங்கி, தாளில் சொட்டவிட்டு, துளையிட்டு எடுத்து ஹீமோகுளோபின் பார்க்கலாம். ஒரு தாளை மின்விசிறிக்கடியிலும் இன்னொன்றை வெயிலில் நிற்கும் பைக் பெட்டியிலும் வைத்துப் பார்க்கச் சொன்னால் பாதிப் பாடம் முடிந்தது.

எதிர்பார்த்தபடி வராத ரீடிங்கை ரெக்கார்டில் அடித்துத் திருத்தச் சொல்லும் பழக்கத்தையும் நிறுத்தச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன், அதனால்தான் கேட்கிறேன். 1956-ல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில், மஞ்சள் காமாலை வந்த குறைமாதக் குழந்தைகளைச் செவிலியர் ஜீன் வார்டு வெயிலில் வைப்பார். ஒரு குழந்தைக்கு வெயில் பட்ட இடம் வெளுத்து, துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாக இருந்ததைக் காட்டினார். சில வாரம் கழித்து, ஜன்னலோரம் பல மணி நேரம் கிடந்த சோதனைக் குழாய் இரத்தத்தில் காமாலையின் மஞ்சள் நிறமியான பிலிருபின் எக்கச்சக்கமாகக் குறைந்து வந்தது. நம் கூடத்தில் என்றால் "சாம்பிள் கெட்டுவிட்டது, தூக்கிப்போடு" என்றிருப்போம். அங்கே ரிச்சர்ட் கிரெமரும் மற்றவர்களும் ஏன் குறைந்தது என்று கேட்டார்கள். 1958-ல் காமாலைக்கு ஒளி சிகிச்சை பற்றிய கட்டுரை வந்தது. இன்று மகப்பேறு வார்டுகளில் நீல விளக்கின் கீழே கண்கட்டிப் படுத்திருக்கும் குழந்தைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அடுத்த கூட்டம் ஜூனில் என்று கேள்விப்பட்டேன். அழைத்தால் என் செலவில் வருகிறேன். அந்தச் சாலைத்திட்டில் செடி இன்னும் இருக்கிறது, நாலு இலை பறித்துக்கொண்டு வருகிறேன். ஒரு வெந்நீர்த் தொட்டியும் இரண்டு குழாயும் மட்டும் ஏற்பாடு செய்துவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் எக்ஸ்டர்னல்களில் ஒருவர்